ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பவர்களுக்கு – புராஸ்டேட் பற்றிச் சில குறிப்புகள்

அறுபது தாண்டிய ஆண்கள் நாலு பேர் கூடினால் சுகர், பிபி, முட்டிவலி எல்லாம் தாராளமாகப் பேசுவார்கள். இதயத்தில் எத்தனை ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பதைக்கூடக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள். ஆனால் "ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பேச்சு மாறிவிடும்.

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் டாய்லெட் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது, பஸ்ஸில் போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணி குடிக்காமல் இருப்பது, சினிமாவுக்குப் போனால் ஓர சீட் கேட்பது... இதெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் ஒரு பக்கம். "கேன்சரா இருக்குமோ" என்று பயந்து, அந்தப் பயத்தினாலேயே டாக்டரிடம் போகாதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை. படித்துப் புரிந்துகொண்டதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு பிரதமருக்கு வந்த பயம்

1963 அக்டோபர். பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லனுக்கு வயது 69. அவருடைய கட்சியின் மாநாடு பிளாக்பூல் நகரில் நடக்கவேண்டிய நேரம். அதற்கு முன்பாக ஒரு இரவு அவருக்குச் சிறுநீர் போக முடியாமல் கடுமையான வலி. லண்டன் மருத்துவமனை ஒன்றில் சேர்த்து, அக்டோபர் 10-ம் தேதி ஆபரேஷன் செய்தார்கள். அதே சமயத்தில் பதவி விலகப்போவதாக அறிவித்து, 18-ம் தேதி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ராஜினாமாவைக் கொடுத்தார். அந்த வருஷம் அவருக்கு அரசியல் நெருக்கடிகளும் நிறைய இருந்தன. ஆனாலும் இது புற்றுநோயாக இருக்குமோ என்ற பயமும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது என்பார்கள். கடைசியில் அது புற்றுநோய் இல்லை, சாதாரண புராஸ்டேட் பெருக்கம். மேக்மில்லன் அதற்குப் பிறகு 23 வருஷம் இருந்தார். 1986-ல், 92 வயதில்தான் காலமானார்.

2024 ஜனவரியில் மன்னர் சார்லஸ் இதே தொந்தரவுக்குச் சிகிச்சை எடுத்தார். இந்தத் தடவை அரண்மனையே அதை வெளிப்படையாக அறிவித்தது. அறிவித்ததும் பிரிட்டனில் இதைப் பற்றித் தேடிப் படித்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. ராஜாவே வாயைத் திறந்து சொன்னால்தான் மற்ற ஆண்கள் தேடிப் பார்க்கிறார்கள் போல. (அதற்குப் பிறகு அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் வேறு. அது புராஸ்டேட் புற்றுநோய் இல்லை என்றும் அரண்மனை தெளிவாகச் சொன்னது.)

இது எங்கே இருக்கிறது?

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி புராஸ்டேட். கிரேக்க மொழியில் "முன்னால் நிற்பவர்" என்று பொருள். தமிழிலும் "முன்னிற்கும் சுரப்பி" என்று சொல் உண்டு. இளம் வயதில் சுமார் 20 கிராம் எடை, ஒரு வால்நட் பருப்பு அளவு. விந்தோடு கலக்கும் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை.

பிரச்சினை அதன் வேலையில் இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. மணியின் நடுவே நூல் போகிறதே, அந்த மாதிரி. மணி வெளிப்பக்கமாகப் பெருத்தால் நூலுக்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கமாகப் பெருத்தால் நூல் நசுங்கும். மனிதனுக்கு நடப்பது இரண்டாவது. குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதிதான் வயதான காலத்தில் வளர்கிறது. வெளியே கெட்டியான உறை வேறு இருப்பதால் அழுத்தம் உள்ளே திரும்புகிறது.

நாய்க்கும் வயதானால் புராஸ்டேட் பெரிதாகும். ஆனால் அதற்குச் சிறுநீர் அடைப்பு வருவது அபூர்வம். சுரப்பி வெளிப்பக்கமாக வளர்ந்து மலக்குடலை அழுத்துவதால் மலச்சிக்கல்தான் வரும். ஒரே வளர்ச்சி, திசை மாறினால் நோயே மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. நாம் பேசுகிற பெருக்கம் உள்பகுதியில். இது முற்றி அதுவாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குத் தனித்தனியாக வரலாம், அதனால்தான் டாக்டர்கள் இரண்டையும் பார்க்கிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

நாம் "புராஸ்டேட் வீக்கம்" என்கிறோம். அடிபட்டால் வீங்குவது போன்ற வீக்கம் இல்லை இது. செல்களின் எண்ணிக்கையே கூடுகிறது. அதனால் வீக்கத்துக்கான மாத்திரை போட்டால் வடிந்துவிடாது. அதேபோல "தீங்கற்ற பெருக்கம்" என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கும். அங்கே தீங்கற்ற என்றால் "புற்றுநோய் இல்லை" என்று மட்டும்தான் பொருள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

ஏன் வளர்கிறது?

இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 1984-ல் வெளிவந்தது. முப்பது வயதுக்குக் கீழே இந்தப் பெருக்கம் யாருக்கும் இல்லை. 51 முதல் 60 வயதுக்குள் பாதிப் பேருக்கு இருந்தது. எண்பது தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. தலைமயிர் நரைப்பது போல, ஆணாகப் பிறந்து நீண்ட நாள் வாழ்ந்தால் வருவது என்றே சொல்லலாம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை.

"ஆணாக" என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. 1960-ல் பெய்ஜிங்கில், சீனாவின் சிங் வம்ச அரண்மனையில் வேலை பார்த்த, சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்ட 26 முதியவர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்குப் புராஸ்டேட் கையில் தட்டுப்படவே இல்லை. ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் அது வளர்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில சர்ஜன்கள் இதற்குச் சிகிச்சையாக விதையையே நீக்கிப் பார்த்தார்கள். சிகிச்சை நோயைவிட மோசம் என்று அது நின்றுபோனது.

அடுத்த துப்பு டொமினிகன் குடியரசிலிருந்து கிடைத்தது. அங்கே சலினாஸ் என்ற கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலவே இருப்பார்கள். பெண் குழந்தையாகவே வளர்ப்பார்கள். பன்னிரண்டு வயது வாக்கில் ஆண் உடலாக மாறிவிடுவார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் 1974-ல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை டி.எச்.டி. என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி இவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு. இவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோது உடல் வலுவாக இருந்தது, குரலும் உடைந்தது. ஆனால் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. முன்வழுக்கையும் இல்லை.

இதைப் படித்த மெர்க் மருந்துக் கம்பெனியில் யோசித்தார்கள். அந்த நொதியை மட்டும் தடுத்தால், ஆண்மையை விட்டுவிட்டுப் புராஸ்டேட்டை மட்டும் சுருக்கலாமே! அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1997-ல் அதே மருந்து, அளவைக் குறைத்து, வழுக்கைக்கு வந்தது. இன்று நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அப்பாவும் மகனும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே மருந்தை வாங்குவது இப்படித்தான்.

அளவு வேறு, அவஸ்தை வேறு

இப்போது மாஸ்டர் செக்கப் செய்யாதவர்கள் குறைவு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 1 புராஸ்டேட்டோமெகலி" என்று ஒரு வரி வந்துவிடும். அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அந்த வரிக்குப் பொருள், சுரப்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பது மட்டுமே. 70 கிராம் வளர்ந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. 30 கிராமிலேயே திண்டாடுகிறவர்களும் உண்டு.

காரணம், குழாயை நெருக்குவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வளர்ந்த சதையின் பருமன். மற்றொன்று, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இருக்கும் தசையின் இறுக்கம். தோட்டத்து ஹோஸ் குழாயின் மேல் கல்லைத் தூக்கி வைத்தாலும் தண்ணி குறையும், கையால் இறுக்கிப் பிடித்தாலும் குறையும். முதலாவது மெதுவாக மாறுவது. இரண்டாவது குளிர், பதற்றம், சில மருந்துகள் என்று நாளுக்கு நாள் மாறக்கூடியது. "நேத்து நல்லா போச்சு, இன்னிக்கு வரமாட்டேங்குது" என்பது இதனால்தான்.

ஸ்கேனில் புராஸ்டேட்டின் அளவைவிட நான் முதலில் பார்க்கச் சொல்வது, சிறுநீர் போன பிறகு பைக்குள் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற எண்ணை. ஏனென்றால் இந்தக் கதையில் உண்மையில் அடி வாங்குவது சிறுநீர்ப்பைதான். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் தசை தடித்துப்போகும். தடித்த பை எரிச்சல்படும். கொஞ்சம் சேர்ந்தாலே "போ, போ" என்று அவசரப்படுத்தும். இது ஆரம்ப நிலை. வருஷக்கணக்கில் இப்படியே போனால் தசை களைத்துத் தளர்ந்துவிடும். பை எப்போதும் பாதி நிரம்பியே இருக்கும். தேங்கிய நீரில் கிருமி வரும், கல் சேரும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இந்தக் கட்டத்தில் வலிகூடத் தெரியாமல் இருக்கலாம். ராத்திரி படுக்கையிலேயே சிறுநீர் கசிவதுதான் ஒரே அறிகுறியாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அது. மறைக்கக்கூடாத விஷயமும் அதுதான்.

எழுந்திருப்பதெல்லாம் புராஸ்டேட்டால் அல்ல

ராத்திரி நாலு தடவை எழுந்தால் உடனே புராஸ்டேட் மேல் பழி போடுகிறோம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் இப்படி ஆகும். பகலில் காலில் நீர் கோத்து வீங்குகிறவர்களுக்கு, ராத்திரி படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் திரும்பி வந்து சிறுநீராகப் போகும். இதயம் பலவீனமானவர்களுக்கு இது அதிகம். பிபிக்கான நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுவது, எட்டு மணிக்கு மேல் காபி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, எல்லாமே காரணமாகலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பழைய அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் மணியையும் மில்லியையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் பையும் புராஸ்டேட்டும் சந்தேகத்துக்குரியவை. ராத்திரியில் மட்டும் தடவைக்கு 300, 400 மில்லி வருகிறது, ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே போகிறது என்றால், பிரச்சினை நீர் அதிகமாக உற்பத்தியாவது. புராஸ்டேட் மாத்திரை அதைச் சரி செய்யாது. டாக்டருக்கு இந்த நோட்டுப் புத்தகம் ஒரு ஸ்கேனுக்குச் சமம்.

மாத்திரைகள்

தொந்தரவு குறைவாக இருந்தால் மருந்தே தேவையில்லை. சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ, தண்ணியைக் குறைப்பது, அவசரப்படாமல் ஒரு தடவை போய் முடித்து, ஓரிரு நிமிஷம் கழித்து மறுபடியும் முயல்வது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது போதும். பகலில் தண்ணியைக் குறைக்காதீர்கள். நம் வெயிலுக்கு அது கல்லில் கொண்டுபோய் விடும்.

மருந்து என்றால் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகை டாம்சுலோசின் போன்றவை. தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும். ஆனால் சுரப்பியைச் சுருக்காது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், அதனால் ராத்திரி எழுந்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடக்கவேண்டும். விந்து வெளியே வராமல் பைக்குள் போகலாம் அல்லது குறையலாம். பயப்பட ஒன்றுமில்லை, முன்கூட்டித் தெரிந்திருந்தால் நல்லது.

இந்த வகையில் பலருக்கும் தெரியாத ஒன்று: கண்புரை ஆபரேஷன். இந்த மாத்திரை கண்ணின் கருவிழித் திரைத் தசையையும் தளர்த்துவதால், ஆபரேஷன் நடுவில் அந்தத் திரை துணி மாதிரி அலையும். 2005-ல்தான் இதை முதலில் எழுதினார்கள். முன்பே தெரிந்தால் கண் டாக்டர் அதற்குத் தயாராக வருவார். முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லவேண்டும். புராஸ்டேட்டும் புரையும் ஒரே வயதில்தானே வருகின்றன!

இரண்டாவது வகை ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு. சுரப்பியையே கால் பங்கு வரை சுருக்கும். ஆனால் ஆறு மாதம் பொறுக்கவேண்டும். ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும். அதையும் டாக்டரிடம் பேசலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. புற்றுநோய்ச் சந்தேகத்துக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் எண்ணை இந்த மருந்து ஏறக்குறைய பாதியாக்கிவிடும். 6 வரவேண்டியது 3 என்று வந்து "நார்மல்" என்று ஏமாற்றும். வழுக்கைக்குச் சாப்பிட்டாலும் இதே கதைதான். பரிசோதனை எழுதித் தரும் டாக்டருக்கு இந்த மாத்திரை பற்றித் தெரிந்தே ஆகவேண்டும்.

சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2003-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 3047 பேரைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் முற்றும் வாய்ப்பு தனித்தனி மருந்தில் 39, 34 சதவீதம் குறைந்தது. சேர்த்துக் கொடுத்தபோது 66 சதவீதம் குறைந்தது.

"இயற்கை மருந்து" கேட்பவர்களுக்கு: இணையத்தில் அதிகம் விற்கும் சா பால்மெட்டோ என்ற பனை வகைப் பழச் சாற்றை 2006-லும் 2011-லும் முறையாகச் சோதித்தார்கள். இரண்டாவது ஆய்வில் மூன்று மடங்கு அளவு வரை கொடுத்தும், வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை. நம் வீடுகளில் நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுப்பது கல்லடைப்பை நினைத்து, நீர் நன்றாகப் பிரியட்டும் என்று. வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே கூட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன்

இதில் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. இந்திய மருத்துவப் பணியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று லண்டன் திரும்பிய பீட்டர் ஃபிரேயர் என்ற ஐரிஷ் சர்ஜன்தான் 1900-க்குப் பிறகு வயிற்றைத் திறந்து புராஸ்டேட் எடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார். நுங்கை விரலால் நோண்டி எடுப்பது போல, வளர்ந்த உள்பகுதியை விரலால் கழற்றி எடுப்பார். இன்று வயிற்றைத் திறப்பது அரிது. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, மின்சாரத்தால் செதுக்கி எடுப்பது டி.யு.ஆர்.பி. பெரிய சுரப்பிக்கு லேசரால் கழற்றி எடுக்கும் ஹோலெப் முறை. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங். ஒரு விதத்தில் ஃபிரேயரின் விரல் செய்ததைத்தான் இன்று லேசர் செய்கிறது.

எந்த முறையானாலும் நினைவில் வைக்கவேண்டியது இரண்டு. ஒன்று, ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராது. விறைப்பு அநேகமாகப் பாதிக்கப்படாது. இரண்டு, எடுப்பது உள்சுளையை மட்டும்தான், தோல் அப்படியே இருக்கும். அதனால் "புராஸ்டேட்டை எடுத்தாச்சு, இனி கேன்சர் வராது" என்று நினைக்கக்கூடாது.

உடனே கிளம்பவேண்டிய நேரங்கள்

ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு கல் போல வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. டியூப் போட்டு நீரை வெளியேற்றினால் நிமிஷங்களில் வலி போகும். சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு எரிச்சல், படுக்கையில் தானாகக் கசிவது ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

இந்தத் திடீர் அடைப்புக்கு ஒரு சாதாரணக் காரணம் சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்து புராஸ்டேட் தசையை இறுக்கும். அதோடு சேர்ந்துவரும் குளோர்ஃபெனிரமின் பையின் தசையைச் சோர்வாக்கும். கதவையும் பூட்டி, தள்ளுகிறவனையும் தூங்க வைத்த மாதிரி. கடையில் "சளிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்கும்போது "எனக்குப் புராஸ்டேட் இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

டாக்டர் கேட்கும் ஏழு கேள்விகள்

உலகம் முழுக்க யூராலஜி டாக்டர்கள் ஒரே கேள்வித்தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். போன ஒரு மாதத்தில்:

1. போய் முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போல் இருந்ததா?
2. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போனீர்களா?
3. நின்று நின்று வந்ததா?
4. அடக்க முடியாத அவசரம் இருந்ததா?
5. வேகம் குறைந்ததா?
6. முக்கித்தான் போக வேண்டியிருந்ததா?
7. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்?

முதல் ஆறுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய எப்போதும் என்றால் 5. ஏழாவதுக்கு எழுந்த தடவைதான் மார்க், ஐந்துக்கு மேல் போனாலும் 5. மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கடைசியில் மார்க்கில் சேராத ஒரு கேள்வியும் உண்டு: மீதி வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கேள்விதான். ஸ்கேன் சொல்லாத பதில் அது, உங்களால் மட்டுமே சொல்ல முடியும். இன்றைக்கு ராத்திரியே ஒரு காகிதத்தில் மார்க் போட்டுப் பாருங்கள். வீட்டில் வயதான அப்பாவோ மாமாவோ இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.